விளிம்பில் ஒரு பழுப்புக் கோடு

அமெரிக்காவில் அமெரிக்கக் காசு செல்லவில்லை என்று எழுதினால், அம்பத்தூரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் எனக்குக் குளிரில் மூளை உறைந்துபோய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் நடந்தது அதுதான். ஓஹையோவில் நான் இருக்கிற சின்ன ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு டாலரை எடுத்து நீட்டினேன். நோட்டு அல்ல, காசு. உள்ளங்கையை அடைக்கிற அகலம். ஒரு பக்கம் வழுக்கைத் தலை ஜனாதிபதி, மறுபக்கம் நிலாவில் இறங்குகிற கழுகு. கல்லாவில் இருந்த பெண் பள்ளிக்கூடம் முடித்துச் சில மாதம்கூட ஆகியிருக்காது. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாரி சார். நாங்கள் அமெரிக்கப் பணம் மட்டும்தான் வாங்குவோம்."

"இது அமெரிக்கப் பணம்தான். அதிலேயே எழுதியிருக்கிறதே."

படித்தாள். முகம் மலர்ந்தது. "ரொம்ப அழகாக இருக்கிறது! உங்கள் நாட்டில் எங்கள் காசை அடிக்கிறார்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் வந்தார். அவருக்குக் காசு தெரிந்திருந்தது. ஆனால் கல்லாப் பெட்டியில் அதைப் போடுவதற்குக் குழி இல்லையாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ எனக்கு நல்லது செய்கிறவர்போல என் கையிலேயே திருப்பி வைத்தார். நான் நோட்டைக் கொடுத்தேன். "ஹேவ் எ நைஸ் டே" என்றார்கள் இருவரும். ஆவடி போகிற பஸ்ஸில் தேய்ந்த காசை நீட்டினால் கண்டக்டர், "இத்த உங்க ஊட்லயே வெச்சிகினு பூஜ பண்ணு, வேற குடு" என்பார். நாமும் விடமாட்டோம், பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்துகொள்வார், பட்டரவாக்கம் வருவதற்குள் யாராவது ஒருவர் தோற்றிருப்பார். அந்தச் சண்டையில் ஒரு மரியாதை இருக்கிறது. எதிரில் இருப்பவனை ஆள் என்று மதித்தால்தானே சண்டை போட முடியும்? இங்கே புன்னகையோடு மறுக்கிறார்கள். சண்டைக்குக்கூட நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை.

பஸ்ஸில் முயன்றேன். காசு போடுகிற பெட்டியின் வாய்க்குள் அது நுழையவே இல்லை. துணி துவைக்கிற இயந்திரத்திலும் அப்படித்தான். டோனட் கடை அம்மாள் மட்டும் காசைப் பார்த்ததும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ கண்ணே, இதைப் போய்ச் செலவு பண்ணுவார்களா!" என்று சொல்லி, டோனட்டையும் காசையும் சேர்த்து என்னிடமே கொடுத்துவிட்டார். இலவசமாகத் தின்ற அந்த டோனட் ருசிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காசை நான் செலவு செய்தே ஆக வேண்டும். அது எஸ்தர் அக்காவின் கட்டளை.

எஸ்தர் என் உடன்பிறந்த அக்கா. நான் புறப்பட்ட அன்று, அம்பத்தூர் மேனாம்பேட்டு வீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் காசைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"அந்த ஊர்க் காசு. அந்த ஊர்லயே செலவு பண்ணிடு."

"பேங்க்ல குடுத்தா நோட்டா மாத்திக் குடுத்துடுவாங்கக்கா."

"மாத்தாத. செலவு பண்ணு. ஒரு காபி வாங்கிக் குடி, ஒரு பன்னு துண்ணு. தூக்கிப் போடறதுன்னா நானே கூவத்துல போட்டிருப்பேன். அது வெறும் காசுன்னு ஆவணும்டா. அவ்ளோதான்."

அது ஏன் வெறும் காசாக இல்லை என்பதைச் சொல்ல எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது காசுப் பைத்தியம் பிடித்திருந்த வயது. பவுடர் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். பூந்தமல்லியில் பழைய பித்தளைச் சாமான் விற்கிற பாயிடம் தொந்தரவு செய்து வாங்கிய ஓட்டைக் காலணாக்கள், விளிம்பு நெளிந்த பழைய ஓரணாக்கள். எங்கள் தெருக் கோடியில் கிளமென்ட் அண்ணன் வீடு. ஒரே சபை, ஒரே பாடகர் குழு. படிக்க அமெரிக்கா போய் அங்கேயே வேலையில் அமர்ந்தவர். அவருக்கும் அக்காவுக்கும் என்று இரண்டு வீட்டிலும் வாய்ச்சொல்லாகப் பேசி முடித்திருந்தார்கள். முதல் லீவில் வரும்போது நிச்சயம் என்று ஏற்பாடு. அதுவரை அவர் எங்கள் அம்மாவை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவார். வந்து இறங்கிய அன்று 'ஆன்ட்டி' என்றார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அவர் நீட்டிய நீல நிறக் கவர் என் புத்தி முழுவதையும் பிடுங்கிக்கொண்டது.

உள்ளே, பிளாஸ்டிக் உறையில், அந்தப் பெரிய டாலர். "எஸ்தருக்கு. வெள்ளி. பத்திரம்" என்றார். அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கொடுத்தாள். அவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் அதோடுதான் உறங்கினேன். பள்ளி நூலகத்துக் காசுப் புத்தகத்தில் அதைப்பற்றிப் படித்திருந்தேன். இதே காசை இரண்டு விதமாக அடித்தார்கள். சேர்ப்பவர்களுக்காக வெள்ளி கலந்து ஒன்று. ஊருக்குப் புழங்க இன்னொன்று: நடுவில் செம்பு, மேலும் கீழும் நிக்கல் கலந்த வெண்தகடு. முகம் ஒன்று, கழுகு ஒன்று, அளவு ஒன்று. விளிம்பைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். வெள்ளிக் காசின் விளிம்பு வெள்ளையாகவே இருக்கும். சாதாக் காசின் விளிம்பில் பழுப்புக் கோடு ஓடும். அக்காவின் காசில் கோடு இல்லை. "சுத்தம்க்கா!" என்று கத்தினேன். அவள் தலையில் குட்டினாள், ஆனால் சிரித்தாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முதற்பலன். முதல் சம்பளம், முதல் காய், கோழி இட்ட முதல் முட்டை, எது கைக்கு வந்தாலும் முதலாவது கர்த்தருக்கு. அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று இவற்றையெல்லாம் பீடத்தின்முன் படைத்து, ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். இதில் எழுதாத ஒரு நாகரிகம் இருந்தது. ஒரு வீட்டுக்காரர் மனசார வைத்த பொருளை அந்த வீட்டுக்காரரே கேட்டால் மற்றவர்கள் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள். எங்கள் சேவல் வருடாவருடம் எங்களோடேயே வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும், ஜெபிக்கப்பட்ட சேவலாக. அந்த நம்பிக்கையில்தான் அம்மா, மாப்பிள்ளை கையிலிருந்து வந்த முதல் பொருள் என்று அந்த வெள்ளி டாலரைத் தட்டில் வைத்தாள். வெளியூர் ஆள் யாரும் இதைக் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எங்களுக்கு அது, கல்யாணத்தைக் கர்த்தர் கையில் ஒருமுறை கொடுத்து வாங்கிக்கொள்வதுபோல.

ஏலம் விட்டவர் சாமுவேல் அண்ணன், அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். பெஞ்சுமேல் ஏறி நின்று பூசணிக்காயையும் வாழைத்தாரையும் தள்ளிவிட்ட கையோடு காசைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாபா இது, இட்லி சைஸுக்குக் கீது! மேல மொட்ட மாமா, பின்னால கழுகு. கழுகு தூக்கிகினு போறதுக்குள்ள யார்னா வாயத் தொறங்க!"

அப்பா வழக்கம்போல ஒரு விலை சொன்னார். சபையார் வழக்கம்போல அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். சாமுவேல் அண்ணன் "ஒரு தரம்" என்று ஆரம்பிக்கும்போது, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூந்தமல்லி கான்ட்ராக்டர் அதைவிடக் கூட்டிச் சொன்னார். கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தந்தவர். அவர் மகள் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

சாமுவேல் அண்ணனே இறங்கிவந்து சொன்னார்: "அண்ணாத்தே, அது அவங்க ஊட்டு ஐட்டம்..."

"கர்த்தருக்குப் போற பணம்தானே தம்பி? கம்மியா போகணும்னு சொல்றியா?"

அப்பா ஏற்றினார். கான்ட்ராக்டர் ஏற்றினார். அப்பா பட்டறை ஃபிட்டர். பையில் இருப்பதையும் தாண்டிக் கேட்டார், அம்மா முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். கூட்டம் சிரிப்பதை நிறுத்தியிருந்தது. சாமுவேல் அண்ணன்தான் வேப்பமரத்தடியில் நின்ற கிளமென்ட் அண்ணனைத் தேடிப் பிடித்தார்.

"மாப்ளே! அங்க நின்னுகினு இன்னா பண்றே? டாலர் பார்ட்டி நீ. ஒரு சவுண்டு உடு, மேட்டர் முடிஞ்சிடும்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. கிளமென்ட் அண்ணனின் கை உயர்ந்தது. அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. உயர்ந்த கையில் கேமரா இருந்தது. ஏலத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாமுவேல் அண்ணன் மூன்று தரம் சொல்லி முடித்தார், காசு கான்ட்ராக்டருக்குப் போயிற்று.

சபை விருந்தான அசனத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் பக்கம் வந்தார். "நான் குடுத்தத ஏலத்துல வெச்சிட்டீங்களே ஆன்ட்டி" என்று அம்மாவிடம் சிரித்தமாதிரிக் கேட்டார். அதில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் இருந்திருக்கத்தான் வேண்டும். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் சில வருடம் வெளியே இருந்தால் தெரிந்தவையும் விநோதமாகிவிடுகின்றன என்பதை இன்று நான் அறிவேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பிறகு பேண்ட் பையில் கைவிட்டு இன்னொரு பெரிய டாலரை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். "இதுக்குப் போயி ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? இந்தா. அதே காசு."

நான் சும்மா இருந்திருப்பேனா? பிடுங்கி விளிம்பைப் பார்த்தேன். "அக்கா, இதுல கோடு கீது! இது வெள்ளி இல்ல!"

அவர் என் மண்டையில் செல்லமாகத் தட்டினார். "அதுவும் ஒரு டாலர், இதுவும் ஒரு டாலர்தான்டா புரொபசர். கடையில ரெண்டுக்கும் அதே சாமான்தான் குடுப்பான்."

அக்கா என்னிடமிருந்து காசை வாங்கி, தானும் ஒருமுறை விளிம்பைப் பார்த்தாள். ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இலை போடப் போய்விட்டாள். லீவு முடிவதற்குள் கிளமென்ட் அண்ணனுக்கும் கான்ட்ராக்டர் மகளுக்கும் நிச்சயமாயிற்று. எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. வாய்ச்சொல்லை முறிக்கத் தனியாக ஒரு வாய்ச்சொல் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள். "கர்த்தருக்குக் குடுத்தது ஒரு தப்பா?" என்று அம்மா பல வருடம் அடுப்பைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சேவல் எதுவும் ஏலத்துக்குப் போகவில்லை. வந்த வரன்களிடமெல்லாம் யாரோ ஒருவர் அந்த ஏலத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள்போல, எதுவும் அமையவில்லை. அக்கா எஸ்டேட் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தாள், இன்றும் அங்கேதான்.

அந்தக் காசை அவள் ஒழிக்கப் பார்க்காமல் இல்லை. பாரிமுனையில் வெளிநாட்டுப் பணம் மாற்றுகிற கடையில், நோட்டு மட்டும்தான், காசு எடுக்கமாட்டோம் என்றார்கள். ஒரு ஞாயிறு காணிக்கைப் பையில் போட்டாள். மறுநாளே பொருளாளர் வீடு தேடி வந்து, "இத்த எங்க போயிம்மா மாத்தறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கடவுளும் வாங்கவில்லை என்று அக்கா சொன்னபோது அம்மா அவளை முதல்முறையாக அடித்தாள்.

இங்கே வந்தபிறகு என் பழைய பைத்தியம் திரும்பிவிட்டது, மறைப்பானேன். சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர்க் காசுக் கடைக்குப் போகிறேன். வங்கியில் ஒரு பெண்மணி எனக்காகப் பெரிய டாலர்களை ஒதுக்கி வைக்கிறார். குழிகள் வெட்டிய நீல அட்டை ஆல்பத்தில் இரண்டு வரிசை: மேலே வெள்ளி, கீழே சாதா. இருநூறாவது சுதந்திர ஆண்டுக்காக அடித்ததில் கழுகுக்குப் பதில் மணியும் நிலாவும் இருக்கும். அதிலேயே தடித்த எழுத்து ஒரு வகை, மெல்லிய எழுத்து ஒரு வகை. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் குளிர் தெரிவதில்லை, தனிமை தெரிவதில்லை, ஆபீஸில் என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அக்காவின் காசையும் ஒருநாள் கடைக்காரரிடம் காட்டினேன்.

"இது என்ன பெறும்?"

"ஒரு டாலர்."

"இது போலியா?"

கிழவர் கோபப்பட்டார். "போலியா? இதுதான் ஜனங்களுக்காக அடித்தது. வெள்ளி வெறும் ஆசைக்கு." பிறகு தோளைக் குலுக்கினார். "ஜனங்கள் இதைத் தொடவே இல்லை என்பது வேறு விஷயம். கனம், பெரிசு, பையைக் கிழிக்கும். செலவு பண்ணிவிடு, மகனே."

எல்லோரும் செலவு பண்ணச் சொல்கிறார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

நவம்பரில் இந்த நாட்டுக்கும் ஓர் அறுப்பின் பண்டிகை உண்டு, தாங்க்ஸ்கிவிங். அன்று கிளமென்ட் அண்ணன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரே மாநிலத்தில், சில மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறார். நான் இங்கே வந்திருப்பதை ஊரிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், போனேன். மீன்குழம்பு வாசனை வந்தால் மானம் ரோஷமெல்லாம் கொஞ்சம் தள்ளி உட்காரும் என்பதை வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அவர் மனைவி, அந்த டாக்டர், நல்ல மாதிரி. பரிமாறிக்கொண்டே சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள், வெல்வெட் துணியில், அந்த வெள்ளி டாலர்.

"எங்கப்பா நம்ம சர்ச் ஏலத்துல எடுத்தது. கல்யாணத்தன்னைக்கு இவர் கையில குடுத்தாரு. உங்க ஊட்டு ஐட்டமாமே? படிக்கிற மும்முரத்துல நான் அதெல்லாம் கவனிக்கல."

"செம காமெடி அன்னைக்கு" என்றார் கிளமென்ட் அண்ணன். "அந்த வெல்டிங் சாமுவேல் என்னை மாட்டிவிடப் பார்த்தான். ஞாபகம் கீதாடா?"

என் பையில் எப்போதும் இருக்கிற காசை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இதையும் நீங்கதான் குடுத்தீங்க. எஸ்தர் அக்காவுக்கு."

எடுத்துப் பார்த்தார். நடிக்கவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. "அப்படியா? இப்டி நிறைய கொண்டாந்தேன், பசங்களுக்குக் குடுக்க. எஸ்தர் எப்டி கீறா?"

"கீறாங்க. இதைச் செலவு பண்ணச் சொல்லி அனுப்பினாங்க. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கோக் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் டொக்கென்று வைத்தார். "இந்தா. ஒரு டாலருக்கு ஒரு கோக். வித்துட்டேன். காசைக் கொண்டா. அக்காகிட்ட சொல்லு, மேட்டர் ஓவர்னு."

கை நீட்டிக்கொண்டு நின்றார். மனதில் கள்ளமில்லாத சிரிப்பு. அமெரிக்காவில் அந்தக் காசை வாங்கிக்கொள்ள முன்வந்த ஒரே ஆள். அக்கா சொன்ன விதிப்படி பார்த்தால் எல்லாம் சரி: மாற்றுவது இல்லை, பொருளுக்குக் காசு, செலவு. டின்னின் மேல் பனித்துளி வழிந்து மேஜையில் வட்டம் போட்டது. சுவரில் வெள்ளி, அவர் கைக்கு நேராகப் பழுப்புக் கோடு. நான் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தாகமில்லண்ணே" என்றேன்.

அந்த ஞாயிறு ஊருக்குப் போன் போட்டேன். மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு ஒரே போன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி வீட்டில். அக்கா ஓடிவந்து மூச்சு வாங்கப் பேசினாள். அம்மா, மழை, தண்ணி லாரி எல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

"செலவாச்சா?"

"இல்லக்கா. இங்க வாங்க மாட்டேங்கறாங்க."

"அங்கயுமா?" என்றாள். பிறகு சிரித்தாள். வருடங்களாக நான் கேட்காத சிரிப்பு. இருமல் வரும்வரை சிரித்தாள். பின்னணியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "இன்னாடி எஸ்தரு, தம்பி இன்னா சொல்றான்?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"ஒருத்தர் வாங்கிக்கறேன்னு வந்தாருக்கா. கோக் குடுத்தாரு. நான் குடுக்கல."

யார் என்று அவள் கேட்கவில்லை. சிரிப்பு நின்றிருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றாள் கடைசியில். "நீயே வெச்சிக்க. இங்க மட்டும் திருப்பிக் கொண்டாந்துடாதடா."

காசைப்பற்றித்தான் சொன்னாள், என்னைப்பற்றி அல்ல. எனக்குத் தெரியும். ரிசீவரை வைத்துவிட்டு, வெகுநேரம் அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆல்பத்தின் குழிகளில் காசின் முகம் மட்டும்தான் தெரியும். விளிம்பை அட்டை மறைத்துவிடும். அதனால் இதை அதில் வைக்கவில்லை. ஜன்னல் கட்டையில் இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே நிமிர்த்தி நிற்க வைத்திருக்கிறேன். ஜனாதிபதி ஒரு பக்கச் சுவரைப் பார்க்கிறார், கழுகு எதிர்ப் பக்கச் சுவரைப் பார்த்து இறங்குகிறது. வெளியே பனி விழுகிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் தெரிவதில்லை, நடுவில் ஓடுகிற அந்தப் பழுப்புக் கோடு மட்டும் தெரிகிறது.